கேட்டோவும் சின்னப்பாட்டியும்

எங்கள் மலேசிய ரப்பர் தோட்டத்து நாடகத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே வேஷம், துரை வேஷம். மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவோம். கதை எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து "ஏய் கங்காணி!" என்று கத்தியாக வேண்டும். கத்துவது நான். என்னைத் தேர்ந்தெடுக்க நடிப்பு காரணமில்லை. என்னிடம் முட்டிவரை இழுத்துவிடும் காலுறையும் காக்கி அரைக்கால் சட்டையும் இருந்தன, அவ்வளவுதான். பால்மரத்துப் பட்டை நிறத்தில் இருக்கிற என் முகத்தில் ஒரு டப்பா குட்டிக்கூரா பவுடரை அப்பி மேடையில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாவது காட்சியில் வியர்வை வழிந்து துரை புலியாகிவிடுவார்.

"அடுத்த வருஷம் உனக்குக் கதாநாயகன்" என்று நாடகத்தை நடத்தியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருஷம் சொன்னார். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை காலியானது, ஆட்கள் சுங்கை சிப்புட் டவுனுக்கும் ஈப்போவுக்கும் பிரிந்து போனார்கள், நாடகமும் நின்றது. நான் துரையாகவே ஓய்வு பெற்றேன்.

அதனால்தானோ என்னவோ, படம் பார்க்கும்போது என் கண் கதாநாயகன் மேல் நிற்பதில்லை. கதவைத் திறந்து விடுகிறவன், தந்தி கொண்டு வருகிறவன், மூன்றாவது காட்சியில் சுடப்பட்டு விழுகிறவன், இவர்கள் மேல்தான் போகும். அப்படி நான் சிறு வயதிலிருந்து பின்தொடர்ந்த ஆள் ஒருவர். பர்ட் குவோக். பெயர் தெரியாதவர்களுக்கு "பிங்க் பேந்தர் படத்தில் வரும் வேலைக்காரச் சீனன்" என்றால் தெரியும். 2016 மே மாதம் இறந்தார், வயது 85. பார்த்தால் சீனர். பிறந்தது 1930ல், இங்கிலாந்தில் அன்றைய லங்காஷயரைச் சேர்ந்த வாரிங்டனில். சட்டப்படியும் பேச்சுப்படியும் ஆங்கிலேயர்.

எனக்கு அவர் அறிமுகமானது வீடியோ டேப்பில். எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனில் ஒரு கடையின் அஞ்சடியில், அதாவது முன்தாழ்வாரத்தில், டேப் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். எங்கள் மாமா சனிக்கிழமை இரவுக்கு ஒரு தமிழ்ப் படம் எடுத்து வந்தார். அட்டையில் தமிழ்ப் படம், உள்ளே பிங்க் பேந்தர். திருப்பிக் கொடுக்க மூன்று மைல் போக வேண்டும், அதுவும் இரவில். கொடுத்த இரண்டு வெள்ளி வாடகை வீணாகக் கூடாதென்று மாமா அதையே ஓடவிட்டார். லயத்துப் பிள்ளைகள் இருபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆங்கிலம் புரிந்தவர் யாருமில்லை. புரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் குளூசோ வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். வீடு இருட்டு. மெதுவாக ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறார். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிறார், உள்ளிருந்து வேலைக்காரன் கேட்டோ, அதாவது பர்ட் குவோக், பாய்கிறான். காரணம் என்னவென்றால், தான் அசந்து போகாமல் இருக்க எதிர்பாராத நேரத்தில் தன்னைத் தாக்கும்படி வேலைக்காரனுக்கு அவரே கட்டளை போட்டிருக்கிறார். மேசை உடைகிறது, கட்டில் உடைகிறது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. கேட்டோ சட்டென்று நிறுத்தி, பணிவாக எடுத்து, "இன்ஸ்பெக்டர் குளூசோ இல்லம்" என்கிறான். இருபது பிள்ளைகளும் தரையில் புரண்டோம்.

மறுநாள் நான் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அப்பா மேல் பாய்ந்தேன். அவர் அப்போதுதான் ஒட்டுப்பால் சாக்கைச் சுமந்து முடித்துவிட்டு வந்திருந்தார். கட்டளை எதுவும் போட்டிருக்கவில்லை. அந்த ரோத்தான் பிரம்புத் தழும்பை இப்போதும் காட்ட முடியும்.

பின்னாளில் மேடை ஏறிய பிறகுதான் அந்தக் காட்சியில் உழைப்பது யார் என்று விளங்கியது. குளூசோவாக வரும் பீட்டர் செல்லர்ஸ் பெரிய நடிகர், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் தடுமாறி விழுந்தால் அதுவே சிரிப்பு. கேட்டோ தடுமாறக் கூடாது. கால் நொடி முன்னால் பாய்ந்தாலும் கெட்டது, பின்னால் பாய்ந்தாலும் கெட்டது. முகத்திலும் சிரிப்பு தெரியக் கூடாது, எசமான் சொன்ன வேலையைச் சிரத்தையாகச் செய்கிற ஆளின் முகமாகவே கடைசிவரை இருக்க வேண்டும். 1964ல் 'எ ஷாட் இன் தி டார்க்' படத்தில் அந்த வேஷத்தைப் போட்டவர், 1993ல் 'சன் ஆஃப் தி பிங்க் பேந்தர்' வரை போட்டார். நடுவில் 1980ல் செல்லர்ஸ் இறந்தே போனார். எசமான் போன பிறகும் வேலைக்காரன் வேலையில் இருந்தான். அந்த வசனங்களில் கேட்டோவின் தோல் நிறத்தை வைத்து வரும் கேலிகளை இன்றைக்குக் கேட்டால் நெளிய வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஆங்கிலம் புரியாததும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்தது வாரிங்டன் என்றாலும் வளர்ந்தது ஷாங்காயில், பதினேழு வயதுவரை. அப்புறம் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்திலுள்ள போடின் கல்லூரியில் படித்து 1953ல் பட்டம் வாங்கினார். மறு வருஷம் இங்கிலாந்து திரும்பினார். சீனாவில் ஆட்சி மாறியதில் குடும்பச் சொத்து போயிருந்தது. கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் படங்களில் துண்டு வேஷம். தொடக்க காலப் படங்களில் ஒன்று 1957ல் வந்த 'விண்டம்ஸ் வே'. கிழக்கே எங்கோ ஓர் ஊர், வெள்ளைக்கார டாக்டர், ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் கொந்தளிப்பு. 1948ல் தோட்டத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் ஆரம்பித்ததே எங்கள் சுங்கை சிப்புட்டில்தான். ஆகவே பர்ட் குவோக்கின் திரை வாழ்க்கை கிட்டத்தட்ட எங்கள் வாசலில் தொடங்கியது என்று நான் பெருமை பேசுவதுண்டு. நான் வேலை பார்க்கும் ஆலையின் எடைமேடைக்கு லோரி கொண்டு வருகிறவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ரசீது என் கையில்தானே இருக்கிறது.

1958ல் வந்த 'தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினெஸ்' படத்தைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். சீனாவுக்குப் போன ஆங்கிலேய மிஷனரிப் பெண்ணின் கதை, இங்ரிட் பெர்க்மன் நடித்தது. கதை நடப்பது சீனாவில், எடுத்தது வேல்ஸ் மலைகளில். லிவர்பூலில் இருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து சீனக் குழந்தைகளாக நடக்கவிட்டார்கள். ஊரின் பெரிய அதிகாரியாகிய மாண்டரின் யார்? ராபர்ட் டோனட், மான்செஸ்டர்க்காரர். சீனப் படைத் தலைவன் யார்? கர்ட் யூர்கென்ஸ், ஜெர்மானியர். இரண்டு பேருக்கும் ஒப்பனை போட்டுச் சீனனாக்கினார்கள். நிஜமாகவே சீன முகம் வைத்திருந்த பர்ட் குவோக் சிறைக் கைதிகளின் தலைவன் லீ. பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப் போகிற வேஷம்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அங்கே வெள்ளைக்காரன் மஞ்சள் பூசிச் சீனப் பிரபு ஆகிறான். இங்கே நான் பவுடர் பூசி வெள்ளைத் துரை ஆகிறேன். ஒரே வித்தியாசம், அவனுக்குச் சம்பளம் உண்டு.

அப்புறம் வந்த வேஷங்கள் ஏராளம். 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அணுகுண்டு கொண்டு வரும் மிஸ்டர் லிங், காரியம் முடிந்ததும் வில்லன் கோல்ட்ஃபிங்கரே சுட்டுவிடுவான். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' என்ற இன்னொரு பாண்ட் படத்தில் வில்லன் கூட்டத்தில் மூன்றாம் எண். பெயர்கூடக் கிடையாது, எண்தான். பிபிசி ஒளிபரப்பிய 'தி வாட்டர் மார்ஜின்' என்ற ஜப்பானியத் தொடருக்குக் கதை சொல்லும் குரல் அவருடையது, முகமே இல்லை. ஆங்கிலப் படத்துக்குச் சீனன் வேண்டுமா, ஜப்பான்காரன் வேண்டுமா, கூப்பிடு பர்ட் குவோக்கை என்று இருந்திருக்கிறது. அவர் அலுத்துக்கொள்ளாமல் போனார். நான்கு வரியோ நாற்பது வரியோ, அந்த ஆள் அந்த அறைக்குள் வருவதற்கு முன்னால் எங்கோ இருந்தான் என்று நம்ப வைத்துவிடுவார். எனக்கு அது வரவேயில்லை. என் துரை திரைக்குப் பின்னாலிருந்து வந்தார், திரைக்குப் பின்னாலேயே போனார்.

சரி, சின்னப்பாட்டிக்கு வருகிறேன்.

பர்ட் குவோக் இறந்த செய்தியைச் செல்பேசியில் படித்தது ஆலையில், எடைமேடை அறையில். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் கிளறினேன். லண்டனில் தாதியாக இருக்கும் என் தங்கை, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று 'டென்கோ' தொடரின் முதல் பாகத்தை எப்போதோ வாங்கி வந்து கொடுத்திருந்தாள். பத்து அத்தியாயம். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. 1981ல் பிபிசியில் வந்தது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்ததும் பிடிபட்ட வெள்ளைக்காரப் பெண்களை ஜப்பான்காரன் முகாமில் அடைத்த கதை. பெண்கள்தான் கதாநாயகிகள். முகாம் தளபதி யமாவுச்சியாக பர்ட் குவோக்.

எங்கள் பாட்டியின் தங்கை அப்போது எங்களோடு தாமானில், அதாவது டவுன் குடியிருப்பில், இருந்தார். வயது எண்பத்து நாலு, எண்பத்தைந்து இருக்கும். பிறந்த சூராவில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், எழுதியிருப்பது தோட்டத்துக் கணக்கரான கிராணி குத்துமதிப்பாகப் போட்ட தேதி. கூடத்தில் முறம் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஓடவிட்டதை முதலில் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைக்காரிகள் நடனம் ஆடுகிறார்கள், மது குடிக்கிறார்கள், ஊர் எரிகிறது, ஓடுகிறார்கள். பாட்டி கீரை ஆய்ந்தார்.

முகாம் வந்தது. பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். "டென்கோ! டென்கோ!" என்று காவலாளி கத்தினான்.

பாட்டியின் கை நின்றது. "என்னாடா இது, பெரட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டென்கோ என்றால் ஆள் கணக்கெடுப்பு என்று பெட்டியின் பின்னால் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் படித்திருந்தேன். அதை எனக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை. விடியற்காலை நாலரைக்குத் தப்பு அடித்து, இருட்டில் எங்கள் பாட்டன் பூட்டனையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கிராணி பெயர் கூப்பிட்ட அதே பெரட்டு. நானே சிறுவனாகப் பெரட்டுக் களத்தில் விளையாடியிருக்கிறேன்.

"ஆமா பாட்டி, ஜப்பான் பெரட்டு."

கீரை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "இச்சி, நி, சான், சி, கோ, ரொக்கு" என்று விரல் மடக்கினார். ஜப்பான் காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு எண் தவறவில்லை. காலையில் என்ன பசியாறினோம் என்பது அவருக்கு மத்தியானம் மறந்துவிடும்.

அப்புறம் பர்ட் குவோக் வந்தார். உத்தரவு கொடுக்கிறார், பெண்கள் குனிகிறார்கள், ஒருத்தி சரியாகக் குனியவில்லை. கேட்டோ எங்கே, இந்த ஆள் எங்கே! சத்தம் போடவே வேண்டாம். சட்டைப் பொத்தானிலிருந்து பூட்ஸ்வரை எல்லாம் இறுக்கம். அவனுக்கும் மேலே ஓர் உத்தரவு இருக்கிறது, அந்த வேலை தனக்குக் கௌரவக் குறைச்சல் என்ற எரிச்சல் உள்ளே இருக்கிறது, இரண்டும் முகத்தில் தெரிகிறது. கொடியவன் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட முடியவில்லை. பிடிக்கவும் இல்லை. அந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டார்.

பாட்டி வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கும்பிடு வாங்குறப்ப கண்ணை எங்க வைக்கிறான் பாரு."

நான் பார்த்தேன். குனிந்த தலைகளுக்கு மேலே எங்கோ வைத்திருந்தார்.

"அப்படித்தான்டா நிப்பானுங்க. கம்பத்துப் பாலத்துல காவல் இருப்பான். நாம குனியணும். நம்மள பாக்கவே மாட்டான். குனியலைன்னா மட்டும்தான் பாப்பான்." கொஞ்சம் பொறுத்து, "இவன் எங்கயோ நேரா பாத்திருக்கான். ஜப்பான்காரனா?"

"இல்ல பாட்டி, சீனன். இங்கிலீஷ்காரச் சீனன். சின்ன வயசுல ஷாங்காய்ல இருந்தவர். அங்கயும் ஜப்பான்காரன் வந்தான்."

"அதான," என்றார்.

பர்ட் குவோக் உண்மையிலேயே அங்கே எதைப் பார்த்தார், எதை மனதில் வைத்து நடித்தார் என்றெல்லாம் நான் ஏற்றிச் சொல்லப் போவதில்லை. 1937ல் ஷாங்காயில் சண்டை மூண்டபோது அவருக்கு ஏழு வயது, போர் முடிந்தபோது பதினைந்து. பிற்பாடு 1987ல் 'எம்பயர் ஆஃப் தி சன்' வந்தது. அதே ஷாங்காய், அதே ஜப்பான் காலம். அதிலும் மிஸ்டர் சென் என்ற சின்ன வேஷம் அவருக்கு. தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றிய படத்தில் தானே ஒரு ஓரத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று ராத்திரி பாட்டி தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். துண்டு துண்டாக முன்பே கேட்டதுதான். "மூணு மாசம் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி" என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள், சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் சாமான் ரயில் பெட்டிக்குள் ஏறினார், இன்றைய தாய்லாந்தான சயாமுக்குப் போனார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள், செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் கூட்டம். செத்த சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பாட்டியின் அப்பாவுக்கு பெரட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும்தான், அந்தச் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகமும் கரையான் தின்றது. 'டென்கோ' நல்ல தொடர். ஆனால் அதில் எங்கள் ஆட்கள் கிடையாது. அந்தக் குறை பர்ட் குவோக்கின் தலையில் விழாது, எழுத உட்கார்ந்தவர்கள் தலையில் விழும். எழுதாமல் சும்மா இருந்த எங்கள் தலையிலும் கொஞ்சம் விழும்.

பத்து அத்தியாயத்தையும் பாட்டி விடாமல் பார்த்தார். வசனம் ஒன்றும் புரியாது. "அந்த டாக்டரம்மா நல்லவ", "இவ சோத்தைத் திருடுவா பாரு" என்று எல்லாம் சரியாகச் சொன்னார். யமாவுச்சிக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. "அந்த ஆளு" என்பார்.

பர்ட் குவோக்கின் கடைசிப் பெரிய வேலையை நான் கணினியில்தான் பார்த்தேன். யார்க்ஷயரில் எடுத்த 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' என்ற கிழவர்கள் நகைச்சுவைத் தொடர். 2002ல் சேர்ந்து, 2010ல் தொடர் முடியும்வரை இருந்தார். வேஷத்தின் பெயர் என்ட்விசில், அசல் லங்காஷயர்ப் பெயர். மின்சாரச் சாமான் பழுது பார்க்கிறவன், பழைய வேன் வைத்திருப்பவன். முன்பு மெக்கின்டயர் என்று இருந்ததாம் பெயர். ஸ்காட்லாந்துக்காரன் என்று ஆட்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று மாற்றிக்கொண்டானாம். இந்த ஒரு ஜோக்கைச் சொல்வதற்கு அந்த மனிதர் எழுபது வயது தாண்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வழியாக, லங்காஷயரில் பிறந்தவரை லங்காஷயர்ப் பெயரில் கூப்பிட்டார்கள். மறு வருஷம், 2011 புத்தாண்டுப் பட்டியலில், பிரிட்டனின் ஓபிஇ விருதும் கொடுத்தார்கள்.

'டென்கோ' தீர்ந்த மறுநாள் பாட்டி கேட்டார், "அந்த ஆளு நடிச்சது வேற இருக்கா?"

பிங்க் பேந்தரைப் போட்டேன். அதே இருட்டு வீடு, அதே குளிர்சாதனப் பெட்டி. கேட்டோ பாய்ந்தான். பாட்டி கண்ணைச் சுருக்கி முன்னால் சாய்ந்தார்.

"டேய், இது அந்த ஜப்பான் துரை இல்ல?"

"அவரேதான்."

"வேலைக்காரனா இருக்கான்?"

"ஆமா பாட்டி."

கொஞ்ச நேரம் பார்த்தார். மேசை உடைந்தது, கட்டில் உடைந்தது, தொலைபேசி மணி அடித்தது, கேட்டோ பணிவாக எடுத்தான்.

"ஜப்பான்காரன் தோத்ததும் இவனுக்கு வேற வேலை கெடைக்கல போல," என்று சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த சண்டை வரும்வரை நிறுத்தவில்லை. அதற்குள் அடுப்பில் கீரை தீய்ந்துவிட்டது.